வில்லங்கச் சான்றில் இல்லாத நிலம்

எங்கள் காலனியில் ஓர் அக்கா. விராலிமலைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருசமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர். ஏலச்சீட்டு எடுத்த பணம், மகளிர் குழுக் கடன், தாலிக்கொடியை அடகு வைத்த பணம் எல்லாம் சேர்த்து மூணு சென்ட் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஒருநாள் ராத்திரி என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"தம்பி, நீ படிச்சவன். இத ஒரு தடவ பாரு. முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சாம். சுத்தமா இருக்குன்னு புரோக்கர் சொல்றாரு. வக்கீலு கையெழுத்தும் இருக்கு."

நான் படித்தது எம்.ஏ. தமிழ். ஐந்திணை நிலமும் எனக்குத் தெரியும். சர்வே நம்பர் தெரியாது. இருந்தாலும் வாங்கிப் பார்த்தேன். 1996-ல் ஒரு கிரயம். 2008-ல் பேங்குக்கு அடமானம். 2013-ல் அந்தக் கடன் தீர்ந்த ரசீது, அதே வருசம் ஒரு பொது அதிகாரப் பத்திரம். 2021-ல் இன்னொரு கிரயம். அதற்கப்புறம் மனை மனையாக விற்பனை. சங்கிலி எங்கேயும் அறுபடவில்லை.

எங்கள் அப்பாயி திண்ணையில் படுத்திருந்தது. அதுக்கு சர்வே நம்பர் விளங்காது. "எந்தக் காடு?" என்று மட்டும் கேட்டது. ஊரணிக்கு மேக்க, ஒத்தப் பனைக்கு அங்கிட்டு என்று அக்கா அடையாளம் சொன்னார்.

"அது நம்ம காடுல்லடா. கவருமெண்டுல குடுத்தது. ஒங்க தாத்தாவுக்கும் இன்னம் நாலு பேத்துக்கும் குடுத்தாக. கம்பு வெதச்சோமே."

முப்பது வருசத் தாளில் இல்லாத ஒன்று எண்பது வயசுக் கிழவியின் வாயில் இருந்தது. அதெப்படி இல்லாமல் போனது என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

நாமே வில்லங்கமாக இருந்த காலம்

கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு வாசகம் இருக்கும். சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னால் ஏதும் தோன்றினால் நானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பேன் என்று விற்கிறவன் எழுதிக் கொடுப்பது. பதிவு அலுவலகம் வருவதற்கு முன்பு வாங்குகிறவனுக்கு இந்த வாக்குறுதியும் ஊரார் சாட்சியும்தான் பாதுகாப்பு. நிலத்தின் மேல் ஒத்தி இருக்கிறதா, கடன் இருக்கிறதா, பங்காளி வழக்கு இருக்கிறதா என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும், கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். சேரிக்காரன் அந்த ஊராரில் சேர்த்தி இல்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் நம் முன்னோர் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள். 1819-ல் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் விசாரித்தபோது, பறையரும் பள்ளரும் நிலத்தோடும் நிலமில்லாமலும் கைமாறுவதைப் பற்றிப் பல மாவட்டங்களிலிருந்து பதில் போனது. இன்றைய பாசையில் சொன்னால், அன்றைக்கு யாராவது வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால் சொத்து விவரம் என்கிற இடத்தில் நம்ம பாட்டன் பேர் இருந்திருக்கும்.

1843-ஆம் ஆண்டு 5-ஆவது சட்டம், அடிமையைச் சொத்தாக எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்றது. சரியாக 21 வருசம் கழித்து, 1864-ல், இந்தியாவுக்கான பதிவுச் சட்டம் வந்தது. சொத்துப் பட்டியலிலிருந்து நம் பெயர் எடுக்கப்பட்ட பிறகுதான் அந்தப் புத்தகம் திறந்தது. சொத்துக்காரர் பட்டியலில் எழுத நம்மில் எத்தனை பேரிடம் நிலம் இருந்தது?

புத்தகம் எதைச் சொல்லும்

1864-க்குப் பிறகு 1866, 1871, 1877 என்று சட்டத்தை மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் 1908-ஆம் ஆண்டின் 16-ஆவது சட்டமாக நிறுத்தினார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான். நிலம், வீடு சம்பந்தமான பத்திரங்களின் நகல் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். ஆள் பெயரை வைத்துத் தேட ஓர் அட்டவணை, சொத்தை வைத்துத் தேட இன்னோர் அட்டவணை. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று 57-ஆவது பிரிவு சொல்கிறது. ஊராரிடம் கேட்க முடியாத சேரிக்காரனும் கேட்கலாம் என்ற அளவில் இது நல்ல சட்டம்தான்.

வில்லங்கச் சான்று என்பது இந்த அட்டவணையைத் தேடி எழுதித் தருகிற பட்டியல். முன்பு மனு எழுதி, சர்வே நம்பரும் வருசமும் குறித்து, வருசத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டு வந்தால், எழுத்தர் பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்த்து எழுதித் தருவார். பதிவுகள் இருந்தால் 15-ஆம் படிவம், ஒன்றும் இல்லையென்றால் 16-ஆம் படிவம். இப்போது 1975-லிருந்து உள்ளதைப் பல அலுவலகங்களுக்குக் கணினியிலேயே பார்க்க முடிகிறது.

நிலம் வாங்குகிறவன் பார்ப்பான், கடன் கொடுக்கிற பேங்கு பார்க்கும், வக்கீல் பார்ப்பார். சிலர் 13 வருசம், பலர் 30 வருசம். முப்பதுக்குக் காரணம் உண்டு. அரசு தன் நிலத்தைக் கேட்டு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் கொடுக்கிற கெடு 30 வருசம். தனியாருக்குள் என்றால் 12. ஆகவே முப்பது வருசம் சுத்தமாக இருந்தால் மூச்சு விடலாம் என்று வாங்குகிறவர்கள் பழகிவிட்டார்கள்.

ஆனால் இந்தச் சான்று பதிவான பத்திரத்தை மட்டும்தான் சொல்லும். வெள்ளைத்தாளில் எழுதின ஒத்தி அதில் வராது. வாய்ப்பேச்சுப் பாகம் வராது. வாரிசு யார் என்று வராது. விற்றவனுக்கு விற்க உரிமை இருந்ததா என்பது வரவே வராது. 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். நம் நாட்டுப் பதிவு அப்படிப்பட்டதில்லை. இங்கே தாள் பதிவாகிறது, உரிமை பதிவாவதில்லை.

பிரிவு 89, பிரிவு 90

இந்த இரண்டு பிரிவுகளையும் படித்தபோதுதான் எனக்கு விசயம் விளங்கியது. 1883-ஆம் ஆண்டு நில அபிவிருத்திக் கடன் சட்டப்படி அரசு அதிகாரி ஒரு விவசாயிக்குக் கடன் கொடுத்தால், அந்த ஆணையின் நகலைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அது 1-ஆம் புத்தகத்தில் சேர வேண்டும். இது பிரிவு 89. அதற்கு அடுத்த பிரிவு 90. அரசு ஒருவருக்கு நிலம் ஒப்படை செய்கிற ஆவணங்களுக்குப் பதிவு தேவையில்லை என்கிறது. பதிவானதாகவே கருதிக்கொள்ளலாமாம்.

நிலத்தின் மேல் அரசுக் கடன் இருந்தால் புத்தகத்தில் ஏறும். அரசே நிபந்தனை போட்டு நிலம் கொடுத்திருந்தால் ஏறாது. சென்னை மாகாணத்தில் அரசிடமிருந்து நிபந்தனையோடு நிலம் வாங்கியவர்கள் யார்? நாம்தான்.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். தரிசு நிலம் கேட்டு நம் ஆள் தர்க்காஸ்து போட்டால், மிராசுதாரர்கள் தங்களுக்கே முன்னுரிமை என்று குறுக்கே நின்றார்கள். உழுகிறவன் சொந்த நிலத்துக்குப் போய்விட்டால் பண்ணைக்கு ஆள் எங்கே கிடைக்கும்? இதையெல்லாம் அவர் எழுதினார். 1892-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரைக்கும் பேச்சு போனது. அந்த வருசம் செப்டம்பர் 30-ந் தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணையோடுதான் பஞ்சமி நிலத்தின் வரலாறு தொடங்குகிறது.

இந்த வகை நிலத்துக்கான நிபந்தனைகள் வருவாய் வாரிய நிலையாணை 15-ல் எழுதப்பட்டன. முதல் பத்து வருசம் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் நட்டஈடு இல்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க 12 இலட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாக இயக்கங்கள் சொல்லி வருகின்றன. இதில் ஒரு செண்ட்டின் நிபந்தனைகூட வில்லங்க அட்டவணையில் ஏற வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை.

எங்க ஊர்க் கதை

புதுக்கோட்டைக்காரன் ஒருவன் இங்கே எழுந்து கேட்கலாம்: "நாம பிரிட்டிஷ் சீமையிலயே இல்லையே?" உண்மை. விராலிமலை தொண்டைமான் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சேசைய சாஸ்திரி திவானாக இருந்தபோது, 1888-ல், இங்கே நடந்தது இனாம் செட்டில்மெண்ட். சென்னை அரசின் 1010-ஆம் ஆணை இங்கே செல்லாது. 1948 மார்ச் 3-ந் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974-ல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டம். ஆகவே 1892 கணக்கில் எங்கள் பகுதியில் பஞ்சமி நிலம் தேடுகிறவர் ஏமாந்து போவார். ஆனால் இணைப்புக்குப் பின் இங்கேயும் தரிசு நிலங்கள் ஒப்படை செய்யப்பட்டன. ஆதிதிராவிடருக்குக் கொடுத்தவற்றில் அதே மாதிரி நிபந்தனை இருந்தது. அப்பாயி சொன்ன காடு அந்த வகை.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ஆறு வாரம் கழித்துப் பழைய 'அ' பதிவேட்டின் நகல் வந்தது. எங்க தாத்தா பெயர் இருந்தது. இரண்டு ஏக்கர். குறிப்புக் கலத்தில், ஆதிதிராவிடர் ஒப்படை, நிபந்தனைக்குட்பட்டது, 1963 என்று மசி மங்கிப் போன கையெழுத்து.

அப்புறம் 1975-லிருந்து வில்லங்கம் போட்டேன். அக்காவின் தாளில் இல்லாத ஒரு வரி கிடைத்தது. 1978-ல் ஒரு கிரயம். விற்றவர் எங்க தாத்தா. வாங்கியவர் நம்ம ஆள் இல்லை. நகல் எடுத்துப் படித்தேன். யாதொரு வில்லங்கமும் இல்லை என்று எழுதி, கீழே தாத்தாவின் கைநாட்டு.

அப்பாயியிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது:

"வித்தோமா? நெல்லு வாங்கினோம்டா. ஒங்க பெரியத்தய கட்டிக் குடுக்க. மொதல்ல ஒத்தின்னாரு. வெள்ளத்தாளுதான். ஏழு வருசம் வட்டி கட்டி மாளல. பொறவு ஒரு நாளு வண்டியில ஏத்திட்டுப் போயி வெரல வக்கச் சொன்னாரு. மீட்டுக்கலாம்னுதான் ஒங்க தாத்தா வச்சாரு."

யாரைக் குற்றம் சொல்ல? நிலத்தை விட்டுக் கொடுத்ததில் நம் கையும் இருக்கிறது என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நிபந்தனை எழுதப்பட்டதே இந்த மாதிரி நெருக்கடியில் நம் நிலம் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். காவலுக்கு வைத்த நாய் குரைக்கவில்லை. பத்திரத்தை எழுதியவருக்கு அந்தக் காடு எப்படி வந்தது என்று தெரியாமல் இருந்திருக்குமா? கிராமக் கணக்கு, முன்சீப்பு என்ற பழைய பதவிகள் இருந்த காலம் அது. 1980-ல்தான் எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஒழித்தது.

அடுத்த அடி, 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். யு.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். அனுபோகத்தில் இருக்கிறவர் பெயருக்குப் பட்டா. எங்கள் காட்டுக்கும் அப்படித்தான் ஆனது. புதிய பதிவேட்டில் குறிப்புக் கலம் காலி. 1963-ல் எழுதின அந்த ஒரு வரி நகலெடுக்கும்போது விழுந்துவிட்டது. 1996-ல் வாங்கியவருக்கு விற்றவர் பட்டா காட்டினார். 2008-ல் பேங்கு பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்தது. ஒவ்வொருவரும் முறையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். முறைக்குள் நாம் இல்லை.

காரணையும் நீதிமன்றமும்

இந்த ஒரு வரிக்காக உயிர் போயிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள், அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10-ந் தேதி செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் மாண்டார்கள். பஞ்சமி நிலம் என்ற சொல்லைத் தமிழ்நாடு முழுக்கச் சேரிகளில் பேச வைத்தது அந்த ரத்தம்.

அக்கம்பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள். ஒப்படை நிலத்தைக் கைமாற்றக் கூடாது என்று ஆந்திரம் 1977-ல் தனிச் சட்டம் போட்டது. கர்நாடகம் 1978-ல் போட்டது. கர்நாடகச் சட்டத்தை எதிர்த்து நிலம் வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மஞ்சேகவுடா வழக்கில் 1984-ல் வந்த தீர்ப்பு சட்டம் செல்லும் என்றது. நிபந்தனையை மீறி வாங்கியவனுக்குக் கிடைப்பது ரத்தாகக் கூடிய உரிமைதான் என்றது. ஆனால் அதே தீர்ப்பில் ஓர் ஓட்டையும் உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே அரசுக்கு எதிராக நீண்டகால அனுபோகத்தால் முழு உரிமை பெற்றுவிட்டவரை அது தொடாது. நாம் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு வருசமும் எதிராளியின் கணக்கில் ஏறுகிறது என்று இதற்குப் பொருள்.

தமிழ்நாட்டில் நமக்குக் கையில் இருப்பது நிலையாணைதான். அதை வைத்தே பஞ்சமி நிலத்தை அரசு திரும்ப எடுக்கலாம் என்று 2008-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு தீர்ப்பளித்தார். 2016-ல் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, அரசு, கோயில், வக்பு, பூதான நிலங்களைத் தனியார் விற்கும் பத்திரத்தைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. பட்டா வேறொருவர் பெயருக்குப் போய்விட்ட ஒப்படை நிலம் இந்த வலையிலும் நழுவிவிடும். மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்ற 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, விற்கிறவனுக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை இல்லை என்று தெளிவாகச் சொன்னது. அப்படியானால் அது யார் வேலை? வாங்குகிறவன் வேலை. இழந்தவன் வேலை.

எங்கே தேடுவது

ஆகவே தோழர்களே, வில்லங்கம் போடுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். முப்பது வருசம் போதாது, கிடைக்கிற கடைசி வருசம் வரைக்கும் போடுங்கள். பதிவில் முதலாவதாக விற்றவனுக்கு நிலம் எப்படி வந்தது என்று கேளுங்கள். 'பட்டாப்படி பாத்தியப்பட்டது' என்று மட்டும் பத்திரத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய சர்வே நம்பரைக் கண்டுபிடியுங்கள். அந்த நம்பரை வைத்துப் பழைய 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தையும் தாலுகா ஆபீசின் ஒப்படைப் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாவட்ட ஆவண அறைக்கும் ஒரு மனுப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்க தெருக் கிழவிகளிடம் காட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் போய்விட்டால் எந்த நம்பரைத் தேடுவது என்றே நமக்குத் தெரியாது.

அக்கா அந்த மனையை வாங்கவில்லை. அட்வான்சில் பாதிதான் திரும்பி வந்தது. மீதியைப் புரோக்கர் இன்னைக்கு நாளைக்கு என்கிறார். அந்த மனைப்பிரிவில் ஏற்கெனவே வாங்கி வீடு கட்டியவர்களில் நம்மைப் போலக் கடன்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம் எப்படி நடத்தப் போகிறோம் என்ற கேள்விக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. ஐந்து குடும்பத்து வாரிசுகளும் கையெழுத்துப் போட்டு ஆட்சியருக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். விசாரணைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். முடிவு வரவில்லை.

இரண்டாவது விசாரணைக்கு அப்பாயியையும் ஆட்டோவில் கூட்டிப் போனோம். நிலத்தை வாங்கி விற்றவர்களின் ஆள் ஒருவர் வராந்தாவில் எங்களைப் பார்த்து, "சுத்தமா இருந்த எடத்துல இதுக வந்து வில்லங்கம் பண்ணுதுக" என்றார்.

அப்பாயிக்குக் காது நல்லாக் கேட்கும். "ஆமாய்யா" என்றது. "நாங்கதான் வில்லங்கம். எழுதிக்கங்க."